காய்ச்சல் விட்டுவிட்டதென்று இருந்துவிடாதே, மகனே

அன்வர், அம்மாவின் ஸலாம். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தது உன் அமீர் மாமாதான். நீ படிக்கும்போது அவன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பான். முழுக்கப் படித்து முடிக்கும்வரை அவனிடம் ஒன்றும் கேட்காதே, அவன் முகத்தையும் பார்க்காதே. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். கூப்பிடத்தான் செய்தேன். முதல் தடவை உன் அறையில் இருக்கும் பையன்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது, வைத்துவிட்டேன். அடுத்த தடவை, "என்னம்மா, சும்மாவா கூப்பிட்ட?" என்று கேட்டாய். "ஆமாப்பா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டிருந்தேன். நீ போனில் பேசினால் "சரிம்மா சரிம்மா" என்று இரண்டு வார்த்தையில் என்னை முடித்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் அப்படி நடுவில் வெட்ட முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன வெள்ளிக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "ஒரு வாரமா சரியான காய்ச்சல்மா, இப்ப விட்டுட்டு" என்றாய். தொண்டை விழுங்க முடியாமல் வலித்தது, வாயில் புண், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி, ராத்திரியில் சட்டை நனைய வேர்வை. இதையெல்லாம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். டெங்கு இல்லை என்று பார்த்தாயிற்று, வைரல்தானாம் என்றாய். தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கியபோது கழுத்திலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாய்த் தடித்திருந்ததை நான் பார்த்தேன். "வேர்க்குரும்மா" என்றாய். பெங்களூரில் இந்தக் குளிரில் என்ன வேர்க்குரு? காதுக்குக் கீழே தொட்டுப் பார், நெறி கட்டியிருக்கிறதா என்று கேட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, எப்படித் தெரியும்?" என்றாய். போனை உன் அத்தாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். அவர் உன்னிடம் உன் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். இதே காய்ச்சலை, இதே தொண்டை வலியை, நெஞ்சில் இதே சிவப்பை நான் ஒருதரம் என் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உன் மாமா தினமும் சாப்பிட்டு முடித்ததும் ஒரு மாத்திரை போடுகிறானே, அது சர்க்கரைக்கு என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது சர்க்கரைக்கு இல்லை, அன்வர். எச்.ஐ.வி.க்கு. உன்னிடம் சொல்லட்டுமா என்று அவனிடமே கேட்டேன். மேலகரத்தில் அவன் பழக்கடையில், ரம்புட்டான் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நான் உன் காய்ச்சலைச் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "சொல்லிரு அக்கா. எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணையும் மறைக்காத. நானே கொண்டுபோய்க் குடுக்கேன்" என்றான்.

அவன் சவூதியில், தம்மாமில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான் என்பது உனக்குத் தெரியும். நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்த நேரம் அது. எங்கள் அம்மாவும் அத்தாவும் இல்லாததால் அவனுக்குப் பெண் பார்த்தது நான்தான். அச்சன்புதூரில் நசீமாவைப் பார்த்து, பேசி, நாளும் வைத்துவிட்டுத்தான் அவனுக்கு லீவு போடச் சொன்னேன். வருகிற வழியில் பம்பாயில் கூட்டாளிகளோடு சில நாள் தங்கிவிட்டு வந்தான். அங்கே என்ன நடந்தது என்று அவன் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வந்து கொஞ்ச நாள் நன்றாக இருந்தான். அது சாரல் நேரம். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று தினமும் போய்க் குளித்துவிட்டு வருவான். அப்புறம் காய்ச்சலில் விழுந்தான்.

அருவித் தண்ணீர் சேரவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன், ஆவி பிடிக்க வைத்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. கஞ்சிகூட விழுங்க முடியவில்லை. சட்டையைக் கழற்றியபோது மார்பும் முதுகும் சிவந்து தடித்துக் கிடந்தது. கழுத்திலும் அக்குளிலும் நெறி. கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டு, வெளியூரில் எங்காவது தங்கினாயா, வேறு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், பிறகு, "ஒண்ணும் இல்ல டாக்டர், ஃப்ளைட்ல வந்த அலுப்புதான்" என்றான். நான் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. மாத்திரை கொடுத்து அனுப்பினார். பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் விட்டது, சிவப்பும் மறைந்தது, ஒரு முழுப் பொரித்த கோழியை ஒரே ஆளாய்ச் சாப்பிட்டான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கல்யாணமும் நன்றாக நடந்தது. நீயும் வந்து பந்தியில் நின்று பரிமாறினாய், ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் அவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது, மகனே. அந்தக் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோதே போனில் தேடிப் பார்த்திருக்கிறான். பார்த்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டானாம். போன வருசம் தம்மாமில் வேலைக்காக எடுத்த மெடிக்கலில் எல்லாம் சரியாகத்தானே வந்தது என்று ஒரு சமாதானம். காய்ச்சல் விட்டதும், "போயிருச்சுல்லா, அப்ப அது இல்ல" என்று இன்னொரு சமாதானம். அந்த இரண்டாவது சமாதானம்தான் அவனை ஏமாற்றியது. அந்தக் காய்ச்சல் மருந்து கொடுத்தாலும் போகும், கொடுக்காவிட்டாலும் போகும். அது போய்விட்டால் ஆள் பழையபடி ஆகிவிடுகிறான். அதற்குப் பிறகு வருசக்கணக்கில் ஒன்றும் தெரியாமலேயே இருக்கலாமாம். கிருமி உள்ளே வேலையைச் செய்துகொண்டே இருக்குமாம். இது எதுவும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

நசீமா சீக்கிரமே உண்டாகிவிட்டாள். அவன் அதற்காகவே லீவை நீட்டிக்கொண்டான். தென்காசி பெரியாஸ்பத்திரியில் அட்டை போட்டோம். வயிற்றில் பிள்ளை இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் எடுக்கிற மாதிரி அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த தடவை போனபோது, உள்ளே நம்பிக்கை மையம் என்று போட்டிருக்கும் எச்.ஐ.வி. ஆலோசனை அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நானும் அமீரும் வெளியே பெஞ்சில் இருந்தோம். அந்தப் பலகையைப் பார்த்ததுமே அவன் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்த ஆலோசகர் அம்மா எட்டிப் பார்த்து, "வீட்டுக்காரர் வந்திருக்காரா? கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். திரும்பிப் பார்க்கிறேன், பெஞ்சில் ஆள் இல்லை. போன் மட்டும் இருந்தது.

நான் உள்ளே போனேன். நசீமா ஓரமாய் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "மதினி, எனக்கு இருக்காம். நான் எங்கன போனேன் மதினி? நான் அச்சன்புதூர விட்டு எங்கன போனேன்?" என்றாள். அந்தக் கேள்வியை இத்தனை வருசமும் காதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என் வீட்டுக்கு நான் தேடிக் கூட்டி வந்த பெண் அவள். அந்த ஆலோசகர்தான் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "பிள்ளைக்கு வராமத் தடுக்க மருந்து இருக்கு. இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம். நீங்களும் நல்லா இருப்பீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில், "அவுக எங்க?" என்று கேட்டாள்.

உன் அத்தாவுக்குப் போன் போட்டேன். அவர் ஸ்கூட்டரோடு ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரரிடம் விசாரித்தோம். "சிவப்புச் சட்டை போட்ட பையனா? இப்பத்தான் ஒருத்தன் ஐந்தருவிக்குப் போவணும்னு ஏறிட்டுப் போனான். முகமே சரியில்ல" என்றார். நசீமாவை ஆலோசகரிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். அன்றைக்கு மலையில் நல்ல மழை. தண்ணீர் காட்டுத்தனமாய் விழுகிறது, குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். உன் அத்தா வண்டியை விரட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டு வந்தேன். பாதியில் எல்லாம் மறந்துபோய், யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று அது மட்டும்தான் வாயில் வந்தது. வண்டியை நிறுத்தும் முன்பே அந்த இரைச்சல் கேட்டது. எத்தனையோ தடவை பிள்ளைகளோடு சந்தோசமாய்க் கேட்ட இரைச்சல்தான், மகனே. அன்றைக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடந்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனோம். தடுப்புக் கம்பியைத் தாண்டி, பாறை ஓரத்தில் ஒருவன் நிற்கிறான், போலீஸ்காரர் விசில் ஊதுகிறார், அவன் திரும்பவில்லை. சிவப்புச் சட்டை. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "அமீரு! ஏலே அமீரு!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியாது. உன் அத்தா கம்பிக்குக் கீழே நுழைந்து போய் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டான். உடம்பெல்லாம் நனைந்து உதறுகிறது. "அக்கா, எனக்கு அப்பவே தெரியும்க்கா. காய்ச்சல்ல கெடக்கும்போதே தெரியும். அவகிட்ட எப்பிடி மூஞ்சியக் காட்டுவேன்?" என்றான்.

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. "அவ ஒன்னைத்தாம்லே தேடிட்டு இருக்கா. பிள்ளைக்கு மருந்து இருக்காம், ஒனக்கும் இருக்காம். எந்திரி. வந்து அவகிட்டத் திட்டு வாங்கு" என்றேன். அவன் எழுந்து வந்தான். அன்றைக்கே அவனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். நாங்கள் நினைத்ததுதான் வந்தது.

அந்த அறையில் ஆலோசகர் சொன்னதையெல்லாம் நான் அப்படியே மனசில் வைத்திருக்கிறேன். உனக்குச் சொல்கிறேன், கவனமாய்ப் படி. கிருமி உடம்புக்குள் போய் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் பலருக்கும் இப்படி ஒரு காய்ச்சல் வருமாம். தொண்டை வலி, தடிப்பு, நெறி, வாய்ப்புண், வேர்வை, சிலருக்கு வயிற்றுப்போக்கு. சிலருக்கு ஒன்றுமே வராதாம். அதே மாதிரி, இதெல்லாம் வந்தவர்கள் எல்லோருக்கும் அதுதான் என்றும் இல்லை. நூறு காய்ச்சலுக்கு இதே முகம்தான். உடம்பைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். பயப்படுகிற மாதிரி ஏதாவது நடந்த மூன்று நாளுக்குள், முடிந்தால் அன்றைக்கே, ஆஸ்பத்திரிக்குப் போனால் கிருமி ஒட்டாமல் தடுக்கவே மருந்து இருக்கிறதாம். "அந்த மூணு நாளைக்குள்ள வந்திருக்கக் கூடாதா தம்பி?" என்று அவர் அமீரிடம் கேட்டார்.

நசீமா அவனோடு பேசவில்லை. மாசக்கணக்கில் பேசவில்லை. சோறு வைப்பாள், துணி துவைப்பாள், ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போய் மருந்து வாங்கி வருவார்கள், வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்கு முதலில் அந்த மாத்திரையால் தலை சுற்றியது. வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் கேட்டு வாங்கிப் போட்டாள், பிள்ளைக்காக. சுமையா பிறந்தாள். பிறந்த அன்றைக்கே அவளுக்குச் சொட்டு மருந்து. அதற்குப் பிறகு அந்தப் பச்சைக் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், முடிவு வருகிறவரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பிள்ளைக்குக் கொஞ்சம் உடம்பு சுட்டால் போதும், நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். ஒன்றரை வயசில் கடைசிச் சோதனை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன அன்றைக்குத்தான் நசீமா அவனைப் பார்த்து, "பிள்ளையப் பிடிங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவனை மன்னித்துவிட்டாளா என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்டதில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போது இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள், நீயே பார்க்கிறாய். தினமும் ஒரு மாத்திரை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, இப்படியே விடாமல் போட்டுக்கொண்டிருந்தால் படுக்கையில் இன்னொருவருக்குத் தொற்றாது என்று மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் தட்டிலேயே நான் சாப்பிடுகிறேன், சுமையா என் மடியில்தான் தூங்குகிறாள். ஆகவே நான் பயப்படுவது வியாதியைப் பார்த்து இல்லை, அன்வர். அவன் போனைத் தலையணைக்கடியில் வைத்தானே, அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன். நீ வீடியோவில் சிரித்தாயே, அதைப் பார்த்து.

காய்ச்சல் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் நீ கூட்டாளிகளோடு கோவா போயிருந்தாய். அங்கே யாரோடு இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் எடுக்கக் கை நீட்டியபோது உன் முழங்கைக்கு மேலே புதுசாய்ப் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்தேன், நீ சட்டைக் கையை இழுத்து மூடினாய். அந்த ஊசி எப்படிப்பட்ட ஊசி, உனக்கு முன்னால் யாருக்குக் குத்தியது என்று நீ கேட்டாயா? அதைப் பற்றித் தனியாய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், வெறும் வைரலாகவே இருக்கலாம், அப்படித்தான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஆனால் என் துஆ ரத்தச் சோதனை ஆகாது. அங்கேயும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்கென்று அறை இருக்கிறது. காசு கிடையாது, யாருக்கும் சொல்ல மாட்டார்கள். கோவா போனதை, காய்ச்சலை, ஊசியை, எல்லாவற்றையும் அவர்களிடம் சொல். என்னிடம் சொல்ல வேண்டாம், அவர்களிடம் சொல். இந்தத் தடவை இல்லை என்று வந்தாலும் அதோடு துள்ளிக் குதிக்காதே. சீக்கிரம் எடுத்தால் சில சோதனையில் தெரியாமல் போகுமாம். மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு தடவை எடுக்க வேண்டும். அதுவரை யாருக்கும் ரத்தம் கொடுக்காதே, யாரோடும் நெருங்காதே.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு உனக்குக் கோபம் வரும். உன் நிக்காஹ்வைத் தள்ளி வைத்துவிட்டேன். நேற்று சுரண்டைக்குப் போய் ஷிஃபா வீட்டில் பேசினேன். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் பண்ண வேண்டும், நான்கு மாதம் பொறுங்கள் என்று பொய் சொன்னேன். அவள் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். ஷிஃபாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க மாமி, நான் வேணா ஆஸ்பத்திரில கூட வந்து இருக்கேன்" என்றாள். எனக்கு அந்த இடத்தில் உயிரே போய்விட்டது. அவளும் சுரண்டையை விட்டு எங்கும் போகாத பிள்ளை. இன்னொரு பெண் என் முன்னால் நின்று நான் எங்கன போனேன் என்று கேட்க நான் விட மாட்டேன். நீ என் மகனாக இருந்தாலும் விட மாட்டேன். சோதனையில் ஏதாவது இருந்தால், அவளிடம் நீதான் சொல்ல வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அதையும் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வா. உன் அறை அப்படியேதான் இருக்கிறது.

உன் அத்தாவுக்கு எல்லாம் தெரியும். நேற்றிலிருந்து அவரும் சரியாய்ச் சாப்பிடவில்லை. போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

படித்து முடித்துவிட்டாயா? இனி மாமாவை நிமிர்ந்து பார். அவனிடம் என்ன வேண்டுமானாலும் கேள், சொல்வான். கேட்டுவிட்டு முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு அவனோடு இன்றைக்கே கிளம்பு. அடுத்த வாரம் போகலாம், மனசு கொஞ்சம் திடமானதும் போகலாம் என்று சொல்லாதே. அவனும் திடம் வரட்டும் என்றுதான் காத்திருந்தான், அது வரவே இல்லை. நான் இங்கே பயந்துகொண்டுதான் இருப்பேன். நீயும் பயந்துகொண்டே போ.